கவாய் தீவை வானிலிருந்து படமெடுக்க எதில் ஏறுவது?

ஹவாய்த் தீவுகளின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் கவாய்க்குக் கேமராவோடு போகத் திட்டமிடுகிறவர்கள், தங்குமிடம் முடிவானதும் அடுத்து யோசிப்பது வான்பயணத்தைப் பற்றித்தான். ஏறத்தாழ 1,430 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவை முழுதாகச் சுற்றிவரச் சாலை கிடையாது. வடக்கே ஹாயேனாவுக்கு அருகிலும் மேற்கே போலிஹாலேவுக்கு அருகிலும் சாலைகள் முடிந்துவிடுகின்றன. இடைப்பட்ட நா பாலி கரையில் 1,200 மீட்டர் வரை உயரும் மலைச்சுவர்கள் மடிப்பு மடிப்பாகக் கடலுக்குள் இறங்குகின்றன. அங்கே நடந்து போக விரும்புகிறவருக்கு 18 கிலோமீட்டர் நீளமுள்ள கலலாவ் மலைப்பாதை ஒன்றுதான் வழி. தீவின் நடுவே, உலகிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்றான வையாலேயாலே மலைக்கு அந்த வசதியும் இல்லை. ஆகவே வானில் ஏறுவது இங்கே வெறும் ஆடம்பரம் அன்று. ஆனால் எதில் ஏறுவது என்பதில்தான் பலர் தவறான அளவுகோலை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். எத்தனை நிமிடத்துக்கு எத்தனை டாலர் என்று பார்ப்பதைவிட, நல்ல வெளிச்சத்தில் தடையின்றி எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று பார்ப்பதே படமெடுக்கிறவருக்குப் பொருத்தமான கணக்கு.

அதற்கும் முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டியது, எந்தக் காட்சிக்காகப் பறக்கிறோம் என்பது. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமும் 900 மீட்டருக்கு மேல் ஆழமும் உடைய வைமேயா பள்ளத்தாக்கு மட்டும் போதும் என்றால் பறக்கவே வேண்டியதில்லை. சாலையோரக் காட்சிமேடைகளிலிருந்து முக்காலியை ஊன்றி, மேக நிழல் நகர்வதற்காகக் காத்திருந்து எடுக்கும் படம், செம்மண் சுவர்களின் அடுக்குகளை ஹெலிகாப்டரிலிருந்து அவசரமாக எடுத்த படத்தைவிடத் தெளிவாகவே காட்டும். அதே சாலையில் மேலே போனால், கலலாவ் பள்ளத்தாக்கைக் கடல்வரை காட்டும் மேடைகளும் 1,200 மீட்டர் உயரத்திலேயே இருக்கின்றன. மூடுபனி விலகினால், பறக்காமலே கிடைக்கும் வான்காட்சிக்கு ஈடு அது. நா பாலி மடிப்புகளைக் கடல் பக்கமிருந்து நேருக்கு நேர் பார்ப்பதற்கும், வையாலேயாலேயின் உட்குழிவில் நூல் நூலாக வழியும் அருவிகளைப் பார்ப்பதற்கும்தான் வானூர்தி தேவைப்படுகிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே மற்றவற்றை ஒப்பிடுகிறேன்.

முதலில் பலர் கேட்பது, கையில் ட்ரோன் இருக்கும்போது எதற்கு இவ்வளவு செலவு என்பது. நா பாலி கரையின் பெரும்பகுதி, கோகேயே, வைமேயா பள்ளத்தாக்கு ஆகியவை மாநிலப் பூங்காக்கள். ஹவாய் மாநிலப் பூங்காக்களில் ட்ரோன் பறக்கவிடுவது விதிப்படி தடை செய்யப்பட்டுள்ளது. அந்தத் தடை இல்லாத இடங்களிலும், பொழுதுபோக்குக்காக இயக்குகிறவர் தரையிலிருந்து 400 அடிக்கு மேல், அதாவது சுமார் 120 மீட்டருக்கு மேல், ஏற்றக் கூடாது, ட்ரோனைக் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பவை அமெரிக்கா முழுமைக்குமான விதிகள். 1,200 மீட்டர் சுவருக்கு முன்னால் 120 மீட்டர் உயரம் எம்மாத்திரம்? தென்கரைக் கடற்கரைகளுக்கும் தோட்ட நிலங்களுக்கும் ட்ரோன் அருமையான கருவிதான். ஆனால் கவாயில் வானிலிருந்து எடுக்க வேண்டிய காட்சிகளுக்கு அதைப் போட்டியில் சேர்ப்பதற்கே இடமில்லை. ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து வரும் பள்ளத்தாக்குகளில் திருட்டுத்தனமாக ஏற்றுவது சட்டத்தை மட்டும் மீறும் செயலன்று.

சிறு விமானத்தைப் பலரும் எண்ணிப்பார்ப்பதே இல்லை. அது ஒருவிதத்தில் அநியாயம். செஸ்னா 172 போல, இறக்கை கூரைமேல் அமைந்த விமானத்தில் கீழ்நோக்கிய பார்வை மறைவதில்லை. ஹெலிகாப்டரோடு ஒப்பிட்டால் அதிர்வும் செலவும் குறைவு. அதன் ஜன்னல் வெளிப்புறமாக மேல்நோக்கித் திறக்கும். அதைப் பாதியில் நிறுத்தும் சிறு தாங்கியை உரியவர் முன்கூட்டியே கழற்றி வைத்திருந்தால், பறக்கும்போது காற்றே ஜன்னலை இறக்கையின் அடிப்பக்கத்தோடு ஒட்டித் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். இடையே கண்ணாடி இல்லாமல் படமெடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பியும் சக்கரமும் அகலக்கோண லென்ஸில் வந்து நின்றுவிடும். மெதுவாகப் பறந்தாலும் மணிக்கு 120 கிலோமீட்டருக்குக் கீழே வசதியாகக் குறைக்க முடியாது. படமெடுக்க வேண்டிய பக்கம் ஜன்னல் வர வேண்டுமானால் விமானம் சாய்ந்து வட்டமிட வேண்டும். விரிந்த திறந்தவெளியில் இது ஒரு குறையே அன்று. ஐஸ்லாந்தின் தென்கரையில் ஆறுகள் சடைசடையாகப் பிரிந்து கடலில் சேரும் மணல்வெளிகளுக்கு ஹெலிகாப்டரைவிடச் சிறு விமானமே பொருத்தம் என்பேன். ஆனால் நா பாலியின் குறுகிய பள்ளத்தாக்குகளுக்குள் விமானம் நுழைந்து திரும்ப முடியாது; வெளியே கடல்மேல் நின்று, நீள்குவிய லென்ஸில் பார்க்கும் பார்வைதான் கிடைக்கும். வையாலேயாலேயின் உட்குழிவுக்கும் அதே கதைதான். தவிர, சுற்றுலாவுக்கென இயங்கும் விமானங்களில் ஜன்னல் பெரும்பாலும் மூடியே இருக்கும் என்பதால், விமானத்தின் பெரிய அனுகூலம் அங்கேயே போய்விடுகிறது.

எஞ்சுவது ஹெலிகாப்டர். அதில் கதவு மூடியதா, கதவைக் கழற்றியதா என்பதுதான் உண்மையான தேர்வு.

கதவு மூடிய வகையில் பெரும்பாலும் ஆறு பயணிகள் ஏறும் ஏ-ஸ்டார் அல்லது அதைவிட அகன்ற கண்ணாடி கொண்ட இசி 130 பறக்கும். கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரியும் அந்த ஜன்னல், கேமராவுக்கு அவ்வளவு தெளிவாக இருக்காது. அது உண்மையில் கண்ணாடி அன்று, வளைந்த அக்ரிலிக் தகடு. அதில் நமது சட்டை, பக்கத்தில் இருப்பவரின் முழங்கால், கூரையின் வெளிச்சம் எல்லாம் பிரதிபலிக்கும். கீழே பச்சைப் பள்ளத்தாக்கு நிழலில் இருக்கும்போதுதான் இது அதிகம் உறுத்தும். வெயில் பட்ட கடலுக்கு மேல் அவ்வளவாகத் தெரியாது. பிரதிபலிப்பைக் குறைக்கலாம் என்று போலரைசர் வடிகட்டியை மாட்டினால், அக்ரிலிக்கின் உள்ளழுத்தத்தால் படத்தில் வானவில் நிறத்தில் பட்டைபட்டையாகக் கறை விழும். அது பின்னர் கணினியில் நீக்குவதற்கும் லேசில் வசப்படாது. கறுப்புச் சட்டை அணிவதும், ரப்பர் வளையத்தை லென்ஸின் முன்னால் மாட்டி ஜன்னலை உரசாமல் மிக அருகே பிடிப்பதும் ஓரளவு கைகொடுக்கும். அப்படியும் பக்கவாட்டில் சாய்த்து எடுக்கும் படங்களில் வளைவின் நெளிவு கூர்மையைத் தின்றுவிடும்.

கதவு கழற்றிய ஹெலிகாப்டரில் இந்தத் தொல்லைகள் எவையும் இல்லை. பச்சை பச்சையாகவும் செம்மண் செம்மண்ணாகவும் பதிவாகும். அதற்குப் பதிலாக வேறொரு கட்டுப்பாட்டுக்குள் வேலை செய்ய வேண்டும். ஏறுவதற்கு முன் தரைப்பணியாளர் தலைமுதல் கால்வரை சோதிப்பார்: தொப்பி, கண்ணாடி, கழன்று விழக்கூடிய லென்ஸ் மறைப்பு, பையிலிருந்து எட்டிப்பார்க்கும் கைக்குட்டை எல்லாம் கீழேயே தங்கிவிடும். பறக்கும் ஒரு சிறு பொருளும் வால் விசிறியில் பட்டால் நேரக்கூடிய விபரீதத்தை எண்ணினால் அந்தக் கண்டிப்பு நியாயமானதுதான். லென்ஸை மாற்றப் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். அனுமதித்தாலும் அந்தக் காற்றில் மாற்றக் கூடாது. ஆகவே 24-70 மில்லிமீட்டர் போன்ற ஒரே ஜூம் லென்ஸோடு முழுப் பயணத்தையும் முடிக்கும் மனநிலை வேண்டும். 24 மில்லிமீட்டரைவிட அகலமாகப் போனால் மேல் விசிறியின் தகடு படத்தின் மூலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். லென்ஸை உடற்கூட்டின் விளிம்பைத் தாண்டி நீட்டினால் காற்று அதை உதறும். முழங்கையைக் கதவுச் சட்டத்தில் ஊன்றினால் இயந்திரத்தின் அதிர்வு நேராகப் படத்துக்குள் வரும். கையை உடம்போடு ஒடுக்கி, ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறையாமல் வைத்து, லென்ஸின் ஒளித்துளையை எஃப் 5.6 அளவில் விட்டு, தேவையானபடி ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, ஏற்றிக்கொள்வதே நடைமுறை. எல்லாமே தொலைவில் இருப்பதால் துளையைச் சுருக்கிக் கூர்மையின் ஆழத்தைத் தேட வேண்டிய அவசியமில்லை. ஹெலிகாப்டர் அந்தரத்தில் அசையாமல் நின்றால் படம் கூர்மையாக வரும் என்று நினைப்பது இயல்பு; உண்மையில் மெதுவாக முன்னேறும்போதுதான் பெரும்பாலான இயந்திரங்களில் அதிர்வு குறைவு. எனவே நிறுத்தச் சொல்வதைவிட வேகத்தைக் குறைக்கச் சொல்வதே பயன் தரும்.

ஆனால் கதவில்லை என்பதாலேயே எல்லா இருக்கையும் ஒன்றாகிவிடாது. விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். கவாயில் கதவில்லாப் பறப்புக்குப் பெயர்பெற்ற எம்டி 500 ரகத்தில் நான்கு பயணிகள் ஏறலாம். பின்னால் இருவருக்கும் ஆளுக்கொரு கதவுப்பக்கம் உண்டு. முன்னால் விமானியின் அருகே இருவர் அமர்வதால், நடுவில் சிக்குகிறவருக்கு இருபுறமும் ஆள். ஏ-ஸ்டாரின் பின்வரிசையில் நால்வர் என்பதால் நடு இருவரின் நிலை இன்னும் மோசம். ராபின்சன் ஆர் 44 மட்டும் மூன்று பயணிகளையே ஏற்றுவதால் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உறுதி. எந்த இருக்கை யாருக்கு என்பதை முன்பதிவின் வரிசை தீர்மானிப்பதில்லை. அன்று காலையில் எல்லாரையும் எடை போட்டுச் சமநிலைக் கணக்குப் பார்த்துத்தான் உட்காரவைப்பார்கள். ஓர இருக்கை உறுதியாக வேண்டுமென்று கூடுதல் தொகை கட்டும் வசதி சில நிறுவனங்களில் உண்டு. இருந்தால் தயங்காமல் கட்டலாம். நடு இருக்கையில் கதவில்லாமல் பறப்பதைவிட, ஓர இருக்கையில் கதவை மூடிக்கொண்டு பறப்பதே மேல் என்பது என் முடிவு. பின்னிருக்கை தாழ்வானது என்று எண்ண வேண்டியதுமில்லை: விமானி அமரும் அதே பக்கத்தில் அவருக்குப் பின்னால் இருக்கிறவர் பார்ப்பதையே விமானியும் பார்ப்பதால், ஹெலிகாப்டரை அவர் திருப்பும் விதம் அந்தப் பக்கத்துக்கே சாதகமாக அமையும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. 2018 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் கிழக்காற்றில் கதவில்லா ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து கவிழ்ந்தபோது விமானி தப்பினார். படமெடுக்க ஏறியிருந்த ஐந்து பயணிகளும் இறந்தனர். கதவில்லாததால் விழாமலிருக்க அவர்கள் அணிந்திருந்த கூடுதல் சேணங்களை, அதாவது உடம்பைச் சுற்றிய பாதுகாப்பு வார்களை, நீருக்குள் விரைவாகக் கழற்ற முடியவில்லை. அந்தச் சேணங்களில் ஒன்றின் கயிறே எரிபொருளை நிறுத்தும் நெம்புகோலில் மாட்டி எஞ்சினை அணைத்திருந்தது என்று விசாரணை கண்டறிந்தது. அதன்பின், சட்டென்று தாமே விடுவித்துக்கொள்ள முடியாத சேணங்களைக் கொண்டு கதவில்லாப் பறப்பு நடத்துவதை அமெரிக்காவின் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் தடுத்தது. ஆகவே எந்தக் கொக்கியை எந்தக் கையால் எப்படி விடுவிப்பது என்று தரையிலேயே கேட்டு, தானே ஒருமுறை செய்துபார்ப்பது ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது. கதவு மூடியிருப்பதாலேயே ஆபத்து நீங்கிவிடுகிறது என்றும் கொள்ளக் கூடாது. 2019 டிசம்பர் 26 அன்று கவாயிலேயே ஏ-ஸ்டார் ஒன்று மலையில் மோதி ஏழு பேர் இறந்தனர். மேகம் மூடிய வானிலைக்குள் தொடர்ந்து பறந்ததே அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. கதவைவிட, மேகத்தைக் கண்டு திரும்பிவரும் விமானியே முக்கியம். பயணம் பாதியில் திரும்பினால் முணுமுணுக்காத பயணிகளும் முக்கியம். ஆர் 44 போன்ற இரண்டு தகடு விசிறி கொண்ட இலகு ஹெலிகாப்டர்கள் பலத்த காற்றுக் கொந்தளிப்பில் கூடுதல் கவனம் கேட்பவை என்பதால், வணிகக் காற்று என்னும் நிலையான கடற்காற்று ஓங்கி வீசும் நாளில் கனமான ரகத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

உயரத்துக்கும் விதி உண்டு. ஹவாயில் சுற்றுலாப் பறப்புகள் பொதுவாகத் தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. தனி ஒப்புதல் பெற்ற நிறுவனங்கள் குறிப்பிட்ட இடங்களில் 500 அடி வரை வரலாம். ஒரே வகை ஹெலிகாப்டரில் பறந்த இருவரின் படங்கள் வேறு வேறு தொலைவில் எடுத்தவைபோல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நேரத்துக்கு வருவோம். நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது இதையே. நா பாலி வடமேற்கைப் பார்த்த கரை. காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இருப்பதால் சுவர்கள் நிழலில் கிடக்கும். எந்தக் கேமராவும் அந்த மடிப்புகளைப் பிரித்துக் காட்டாது. பிற்பகலில் வெயில் சாயச் சாய ஒவ்வொரு விளிம்பும் தன் நிழலை அடுத்த மடிப்பின்மேல் இட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சுவர்கள் எழுந்து நிற்கும். ஜூன் மாதத்தில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே விலகி மறைவதால் கடைசி வெளிச்சம் நேரே அந்தக் கரையில் விழுகிறது. மறைவு மாலை 7.20 வாக்கில். டிசம்பரில் சூரியன் தென்மேற்கில், மாலை ஆறு மணிக்கே மறைந்துவிடுவதால் பள்ளத்தாக்குகளின் உட்புறம் பெரும்பாலும் வெளிச்சம் காணாது. வையாலேயாலேக்கோ கணக்கு நேர்மாறு. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று ஈரத்தை மலையில் ஏற்ற ஏற்ற, பகல் வளர வளர மேகம் கூடும். உச்சி திறக்கும் வாய்ப்பு அதிகாலையில்தான் அதிகம். அங்கே மேகத்தின் வழியே பரவும் மென்வெளிச்சமே அருவிகளுக்கு அழகு என்பதால் நேர் வெயிலும் வேண்டியதில்லை.

ஆக, ஐம்பது அறுபது நிமிடத்தில் இரண்டையும் காட்டித் திரும்பும் எந்தப் பயணமும் இரண்டில் ஒன்றைப் பாதகமான வெளிச்சத்தில்தான் காட்டும். இதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு ஒன்றை விட்டுக்கொடுப்பதே அறிவு. எனக்கு நா பாலிதான் முதல். ஆகவே கோடையில் அன்றைய கடைசிப் பறப்பைக் கேட்பேன். நண்பகல் பறப்பில் கதவில்லா ஓர இருக்கை, மாலைப் பறப்பில் கண்ணாடிக்குள் ஓர இருக்கை என்று இரண்டு மட்டுமே மிச்சமிருந்தால் மாலையையே எடுப்பேன். பிரதிபலிப்பை ஓரளவு திருத்திவிடலாம். செங்குத்தாக விழும் நண்பகல் வெயிலில் தட்டையாகிப்போன மலையை எந்த மென்பொருளாலும் நிமிர்த்த முடியாது.

மூன்று பேர் சேர்ந்து போகும் குழுவாக இருந்தால், தனித்தனி இருக்கைகளுக்குப் பதிலாக முழு ஹெலிகாப்டரையும் வாடகைக்கு எடுப்பதைத் தீவிரமாகப் பரிசீலிக்கலாம். ஒரு மணி நேரச் சுற்றுக்கு ஓர் இருக்கை இன்று பொதுவாக 300 டாலருக்கு மேலே போகிறது. முழு வாடகை ஆயிரத்தைத் தாண்டினாலும், மூவராகப் பகிரும்போது வித்தியாசம் அஞ்சும் அளவுக்கு இருக்காது. கிடைப்பதோ முற்றிலும் வேறு: தீவைச் சுற்றும் வழக்கமான வழியை விட்டுவிட்டு, நா பாலியின் ஒரே பள்ளத்தாக்கின் முன்னால் வேறு வேறு உயரத்தில் மீண்டும் மீண்டும் கடந்து வரும்படி கேட்கலாம், இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறித் திருப்பச் சொல்லலாம். எதை எடுக்கப் போகிறோம் என்பதை வரைபடத்தில் விமானியிடம் புறப்படும் முன்பே காட்டிவிட வேண்டும். வானில் தலைக்கருவியின் வழியே விளக்கிக்கொண்டிருந்தால் அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் பணம். அருவியடியில் தரையிறங்கும் பயணங்களும் உண்டு. அவை நினைவுக்கு இனியவை. வான்படத்துக்கு நேர விரயம்.

தமிழர்களில் பலர் கவாய்க்குப் போகும்போது வைலுவா ஆற்றின் அருகே, பெங்களூருவில் செதுக்கிய கருங்கற்களைக் கொண்டு எழுப்பி 2023இல் குடமுழுக்குக் கண்ட ‘இறைவன் கோயில்’ என்ற சிவன் கோயிலும் பயணத்தில் இருக்கும். அப்படியென்றால் அப்பா அம்மாவும் குழந்தைகளும் உடன் வருவார்கள். அவர்களையும் அழைத்துக்கொண்டு பறப்பதானால் விவாதமே தேவையில்லை, இசி 130தான். கதவில்லாப் பறப்பில் சிறு குழந்தைகளை ஏற்ற மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. பெரியவர்களுக்கும் ஒரு மணி நேரம் முகத்தில் அறையும் ஈரக்காற்று ஒத்துக்கொள்ளாது. படத்துக்காகத் தனியாக வேறொரு மாலை கதவில்லா எம்டி 500இல் ஏறிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே பறப்பில் நிறைவேற்ற முயன்றால் குடும்பத்துக்கும் திருப்தி இருக்காது, படத்துக்கும் திருப்தி இருக்காது. வ்யூஃபைண்டரிலேயே கண்ணை வைத்திருப்பவருக்குக் குமட்டல் எளிதில் வரும் என்பதால், அந்த மாலைக்கான மாத்திரையைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

முன்பதிவைத் தங்கும் காலத்தின் முதல் இரண்டு நாள்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். கவாயில் மழையாலும் காற்றாலும் பறப்பு ரத்தாவது சாதாரணம். ஊர் திரும்பும் நாளுக்கு முந்திய மாலையில் பதிவு செய்தவருக்குப் பணம் திரும்பி வரும், படம் வராது. முதல் நாளே பதிவு செய்தவருக்கு மேகம் விலகும் வரை நாளை மறுநாளைக்கு மாற்றிக்கொண்டே போக இடம் இருக்கும்.